பாக்கியத்தின் கையில் விளக்குமாற்றைக் கொடுக்காதே

மகனே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வழக்கம்போல நலம் விசாரித்துத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். பெரிய வாத்தியார் உன்னைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறாராம். மத்தியானம் தன் மேசைக்கே உன்னை அழைத்துச் சாப்பிட வைக்கிறாராம். அரசாங்கம் சொன்னபடி எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் உட்கார்ந்து படிக்கிறார்களாம். நாவலப்பிட்டியில் வேற்றுமை என்று ஒன்று கிடையவே கிடையாதாம். இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், "ஒரு சின்னத் தொந்தரவு, உங்கள் யோசனை தேவை" என்று எழுதினாயே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நான் கோபப்பட்டு நீ பார்த்ததில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. ஆனால் எழுதுவதற்குக் குரல் தேவையில்லை. அதனால் இதைக் கேட்டுக்கொள். ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன்னோடு படிப்பிக்கிறவர்கள் யார் கேட்டாலும் வாசித்துக் காட்டு.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், அப்போதாவது அது உன் காதில் விழட்டும். உன் வகுப்பில் பாக்கியம் என்று ஒரு பிள்ளை. அவளுடைய அப்பா நாவலப்பிட்டி டவுனில் கக்கூஸ் வாளி எடுக்கிறவர். அவள் தினமும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து, வகுப்பறைகளைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வாங்குகளைத் துடைத்து வைக்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். ஒருநாள் காலையில் அவள் விளக்குமாற்றைச் சுவரோடு சாத்திவிட்டு, "நான் மட்டும் ஏன் சார் கூட்டணும்?" என்று பெரிய வாத்தியாரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டு, "உன்ர வீட்டு வேலைதானே பிள்ளை, உனக்குக் கைவந்தது" என்று சொல்லியிருக்கிறார். அவள் மறுபடியும் மாட்டேன் என்றதும், "கூட்டுறதெண்டா வா, இல்லாட்டி வீட்டில இரு" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவள் வரவில்லை. இப்போது நீ அவள் வீட்டுக்குப் போய், பிள்ளையைச் சமாதானப்படுத்தி, திரும்ப வந்து கூட்டச் சொல்லிக் கூட்டிவர வேண்டுமாம். நீ நயமாகப் பேசுகிறவன் என்று பெரிய வாத்தியார் இந்தப் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறாராம். "அந்த ஆட்களிடம் எப்படிப் பேசினால் எடுபடும் என்று உங்களுக்குத்தானே தெரியும், அம்மா" என்று என்னிடம் கேட்கிறாய்.

அந்த ஆட்கள்! அந்த இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன் அப்பா பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து, கையில் பூசிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னா, புள்ள என்னா எழுதியிருக்கான்? வாசி, வாசி" என்று ஆசையாகக் கேட்டார். நான் முழுவதையும் வாசித்தேன், ஒரு சொல்லையும் விடவில்லை. கேட்டு முடித்தவர், "இதுக்குத்தானா இவன நாம வாத்தியாராக்குனோம்?" என்று மட்டும் சொன்னார். கண்டியில், கூட்டுகிறவர்களுக்கு முனிசிபல் கட்டிய வரிசை வீடுகளில், நம் மஹய்யாவ லயத்தில் இருந்துகொண்டு, குப்பை வண்டிகளின் சக்கரத்தைப் பழுதுபார்த்தே காலத்தைக் கழித்த மனிதர் அவர். அந்த ஆட்கள் என்று நீ எழுதியது அவரையும்தான். நீ பெருமையோடு வாத்தியாராகி ரயில் ஏறியபோது உன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாரே, அந்த ஆளையும்தான்.

இன்னொரு சொல்லும் எழுதியிருக்கிறாய். பாக்கியம் கெட்டிக்காரிதான், ஆனால் வாய்த்துடுக்கு என்று. கேள்வி கேட்கத்தானே அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்? உன் வகுப்பில் யாராவது ஒரு கடைக்காரர் மகன் கணக்குப் பாடத்தில் "இது ஏன் சார் இப்படி?" என்று கேட்டால் மூளையுள்ள பையன் என்று மெச்சுவாய். அதே கேள்வியை இந்தப் பிள்ளை விளக்குமாற்றைப் பற்றிக் கேட்டால் வாய்த்துடுக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தில் வேற்றுமையை முதலில் கண்டுபிடித்தவள் அவள். பரீட்சை தேறிப் போன நீ கண்டுபிடிக்கவில்லை. அதற்குக் காரணம் நீ மடையன் என்பதல்ல. அதை எப்படிப் பார்ப்பது என்று உனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. நானும் படிப்பிக்கவில்லை. தெரியாமல் வளர்ந்தால் வலிக்காமல் வளர்வாய் என்று நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு என்று இப்போது தெரிகிறது. அதைச் சொல்லி அழுதுகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இன்றைக்காவது படிப்பிக்கிறேன்.

நானும் பள்ளிக்கூடம் கூட்டியவள்தான். அது உனக்குத் தெரியாது. எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண்பிள்ளை நான். அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு டீச்சர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கோபக்காரர் என்று நினைத்துவிடாதே; அவ்வளவு அன்பானவர். என் தலையில் பேன் பார்த்திருக்கிறார், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நீதான் இஞ்ச கெட்டிக்காரி. இனிப் பள்ளிக்கூடத் திறப்பை நீயே வைச்சிரு. விடிய வந்து திறந்து, கூட்டி, துடைச்சு வை. உன்னை நம்பித்தான் தாறன்" என்று சொல்லி, சாவியை என் கையில் வைத்தார். யாழ்ப்பாணத்தார் சாவியைத் திறப்பு என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவியைச் சணல் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தோனியார் சுரூபம் போட்டிருப்பவள் மாதிரி வீட்டுக்கு ஓடினேன்.

லயத்தில் அன்றைக்குத் திருநாள்தான். இதை நீ சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் கையில் கண்டி நகரமே விளக்குமாறும் மண்வெட்டியும் கொடுத்தது, சாவி கொடுத்ததில்லை. சாமான் கொட்டிலின் சாவி ஓவர்சியரின் இடுப்பில் இருந்தது. எங்கள் அப்பா தன் சொந்த விளக்குமாற்றை எடுப்பதற்குக்கூட ஓவர்சியர் வந்து திறக்கும்வரை வாசலில் நின்றவர். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் மகள் கழுத்தில் பள்ளிக்கூடச் சாவி தொங்குவது எப்படி இருந்திருக்கும்? லயத்தின் நீளத்துக்கும் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். "ஓவர்சியர்கிட்ட கொட்டாச் சாவிதான் இருக்கு. எம் மககிட்ட பள்ளிக்கூடச் சாவியே இருக்கு, பாத்துக்க!" பக்கத்து வீட்டு மாமா, "அப்ப இனிமே நீ வேலைக்குப் போகணும்னாலும் அவகிட்டதான் லீவு கேக்கணும்" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு கடைக்காரர் மகளிடம் அந்தச் சாவியைக் கொடுத்திருந்தால், அவள் அப்பா உடனே கேட்டிருப்பார்: "எதுக்கு என் பிள்ளை விடியக் காலமே போய்க் கூட்டணும்?" எங்களுக்குச் சாவி மட்டும்தான் கண்ணில் பட்டது. விளக்குமாறு படவில்லை. விளக்குமாறு எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பது.

மாதக்கணக்காகக் கூட்டினேன். டீச்சர் உட்காரும் கதிரையைத் துடைத்தேன், கரும்பலகையைக் கழுவினேன், முற்றத்தில் விழுந்த மாவிலையைப் பொறுக்கினேன். ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை: குடிதண்ணீர்ப் பானை. அதைத் தபால் கந்தோரில் வேலை பார்த்தவரின் மகள் வந்து நிறைத்தாள். அது அவள் வேலை, இது என் வேலை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவளுக்குச் சுகமில்லை, வரவில்லை. பிள்ளைகள் வந்தால் தாகத்துக்கு என்ன செய்வார்கள் என்று நானே கிணற்றில் இறைத்து, பானையைக் கழுவி, நிறைத்து வைத்தேன். டீச்சர் வந்தார், பானையைப் பார்த்தார், "ஆர் நிறைச்சது?" என்று கேட்டார். நான்தான் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் ஏசவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. பானையைச் சரித்து, தண்ணீரைக் குரோட்டன் செடிகளுக்கு ஊற்றினார். சாம்பல் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தார். தானே போய் இறைத்து நிறைத்தார். பிறகு என் தலையைத் தடவி, "உனக்கேன் பிள்ளை இந்தக் கரைச்சல்? உனக்குக் கூட்டுற வேலையே காணும்" என்றார். கூட்டுவதே போதும், நான் பாவம் என்று டீச்சர் என் வேலையைக் குறைத்திருக்கிறார் என்று நினைத்தேன், மகனே. அப்படித்தான் வீட்டிலும் போய்ச் சொன்னேன்.

எங்கள் அப்பா சுருட்டைப் பற்றவைக்கப் போனவர் நிறுத்திவிட்டார். "தண்ணிய ஊத்திட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பானைய என்னா செஞ்சாங்க?" சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள் என்றேன். அவர் தன் கையை விரித்து என்னிடம் காட்டினார். பிறகு சொன்னார்: "நான் கண்டி டவுன் பூரா கூட்டுறேன். அது என் வேல, எனக்குச் சம்பளம் இருக்கு. நீ படிக்கப் போன புள்ள. நீ யாருக்கும்மா கூட்டுற?" சுருட்டைக் கீழே வைத்துவிட்டு மேலும் சொன்னார்: "நாளைக்கே சாவியக் குடுத்துரு. கூட்ட மாட்டேன்னு சொல்லாத, பயந்துக்குவ. சாவி வேண்டாம்னு மட்டும் சொல்லு." லயம் முழுக்க அந்தச் சாவியைப் பற்றிப் பெருமை பேசியவர் அவர். மறுநாள் அதே வாசல்கள் வழியாக வேலைக்குப் போனார். என்ன ஆச்சு சாவி என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

சாவியை மேசையில் வைத்தேன். டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "என்ன பிள்ளை, ரெண்டெழுத்து வந்தவுடனே பெருமையும் வந்திட்டுதோ?" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசிப்புப் பாடத்தில் வரிசையாக எழுப்பிக்கொண்டு வருவார், என்னிடம் வந்ததும் கண் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடும். முன்பு என் தலையைத் தடவிய கை அது. நான் அன்றைக்குத்தான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: அவர் என்னிடம் அன்பாக இருந்தார், நான் குனிந்திருந்த வரைக்கும். நிமிர்ந்ததும் அந்த அன்பு தீர்ந்துபோயிற்று. உன் பெரிய வாத்தியாரும் நல்லவர் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். என் டீச்சரும் நல்லவர்தான். நல்லவர்கள் செய்வதால்தான் பிள்ளைகளால் இதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஏசிக்கொண்டும் துப்பிக்கொண்டும் வந்தால் நாய்க்குக்கூடத் தெரியும். தலையைத் தடவிக்கொண்டு வரும்போதும் தெரிய வேண்டாமா?

உனக்கு நேரே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்கும் வோட்டு வந்த புதிதில், கண்டியில் பெரிய வீட்டுக்கார ஐயா ஒருவர் நம் லயத்துக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரையும் அண்ணே, தங்கச்சி என்று கூப்பிட்டார். ருக்குமணி அக்கா ஓடிப்போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்கய்யா, புதுக் கிளாசுதான்யா" என்று நீட்டினாள். அவள் ஏன் புதுக் கிளாஸ் என்று சொன்னாள் என்று நீ அப்போது கேட்கவில்லை. ஐயா நெஞ்சில் கையை வைத்து, "ஐயோ தங்கச்சி, இப்பதான் குடிச்சிட்டு வர்றேன். ஒரு செவ்விளநி இருந்தா வெட்டுங்க, போதும்" என்றார். நீதான் ஓடிப்போய் வெட்டிக் கொடுத்தாய். அவர் உன் தோளில் தட்டி, "நல்ல பையன்" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க, "அம்மா, அவரு நம்ம வாசல்ல ஒக்காந்து குடிச்சாரு!" என்று நீ சொல்லிக்கொண்டே திரிந்தாய். இளநீருக்குள் நம் கை போகாது, மகனே. நாம் வெட்டினாலும் தண்ணீர் நம் பாத்திரத்தில் படுவதில்லை. அதனால்தான் அவருக்குத் தாகம் இளநீரில் மட்டும் வந்தது. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ருக்குமணி அக்கா அந்தத் தேத்தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். நீ அவர் முகத்தைப் பார்த்தாய். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கு விளங்கியிருக்கும்.

சமமாக நடத்துவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், பஜாரில் உன் அப்பா தேத்தண்ணீர் குடிக்கும் முஸ்லிம் நானாவின் கடையை நினைத்துப் பார். அந்த மனிதர் ஒருநாளும் நம்மைப் புகழ்ந்ததில்லை, தலையைத் தடவியதில்லை. கோர்ட்டுப் புரொக்டருடைய கிளார்க் வந்தாலும், உன் அப்பா வந்தாலும், ஒரே கிளாஸ், ஒரே அதட்டல்: "குடிச்சிட்டு சுருக்கா எழும்புங்க, ஆள் நிக்கிது!" உன் அப்பாவுக்கு அந்த அதட்டல் பிடிக்கும். ஏன் என்று முன்பெல்லாம் எனக்கே விளங்கவில்லை.

நாம் மட்டும் சுத்தம் என்று நினைத்துவிடாதே. ரோட்டுக் கூட்டுகிறவர்கள் வாளி எடுக்கிறவர்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரே லயத்தில் இரண்டு கோடியில் இருந்தோம். கோயிலில் பாதர் உனக்கு முதல் நன்மை கொடுத்த அன்றைக்கு, வாளி எடுக்கிற கடைசி வீட்டுச் சூசையம்மா பணியாரம் சுட்டு, வாழையிலை மூடிக் கொண்டுவந்தாள். உன் பெரியம்மா சிரித்த முகத்தோடு வாங்கி, அவள் முதுகு மறைந்ததும் கோழிகளுக்குப் போட்டாள். "என்னாக்கா இது?" என்றேன். "அட போடி, அவ என்னா கையால என்னா அள்ளுறாளோ" என்றாள். வருஷம் முழுக்கத் தெருக் குப்பையை அள்ளுகிற கைதான் உன் பெரியம்மாவுடையதும். பாக்கியம் கூட்ட மறுத்தபோது தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும் பெரிய வாத்தியார் பக்கம்தான் பேசினார்கள் என்று எழுதியிருக்கிறாய், அதை ஒரு நியாயம் போல. அவர்களுக்கும் கீழே யாராவது இருக்க வேண்டியிருக்கிறது. டவுன் கடைகளில் தங்களைத் தோட்டக்காட்டான் என்று சொல்லும்போது மட்டும் அவர்களுக்கு வலிக்கும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நான் படிப்பிக்கும் சின்ன வகுப்பில் பிள்ளைகள் பெயர் வரிசைப்படிதான் கூட்டுகிறார்கள். தொடங்கின புதிதில் ஒரு கந்தோர்க்காரரின் மனைவி, குடையும் கையுமாக வந்துவிட்டார். "எங்கட பிள்ளை வீட்டில விளக்குமாறு தொட்டதே இல்லை, டீச்சர்" என்றார். "அப்போ இங்க தொடட்டும்" என்று சொல்லிவிட்டேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. அவர் போன பிறகு கதிரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். அன்றைக்கே பிள்ளைகளிடம் கேட்டேன்: நம் வகுப்பில் எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம், எந்த வேலையை யார் செய்வதே இல்லை என்று பார்த்துச் சொல்லுங்கள். முன் வாங்கிலிருந்து ஒரு பொடிச்சி எழும்பி, "டீச்சர், நீங்கதான் ஒருநாளும் கூட்டுறதில்ல!" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து என் பெயரும் வரிசையில் இருக்கிறது. அந்தப் பொடிச்சியை நான் வாய்த்துடுக்கு என்று சொல்லவில்லை.

இதைத்தான் நீ உன் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும். ஒரே வாங்கில் இருத்திவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே. வாங்கு அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிகிறது, இன்ஸ்பெக்டர் வந்தால் அதைத்தான் பார்ப்பார். அவர் வருவதற்கு முன்பே பாக்கியம் கூட்டி முடித்திருப்பாள். ஒருவரைப் புகழ்ந்து ஒரு வேலையைக் கொடுக்கும்போது, இந்தப் புகழைத் தன் சொந்தப் பிள்ளைக்கு இவர் விரும்புவாரா என்று பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும். உன் பெரிய வாத்தியாரின் மகள் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அவளுக்குக் கைவந்த வேலை என்ன என்று அவரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். அவரோடு ஒரே மேசையில் சோறு சாப்பிடுகிறாய், எப்படிக் கேட்பாய்? அந்தச் சோற்றைப் பற்றியும் யோசித்துப் பார். கண்டியில் எங்கே என்று அவர் உன்னைக் கேட்டபோது "டவுன்தான்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லுக்குத்தான் உனக்கு அந்த மேசையில் இடம் கிடைத்திருக்கிறது. மஹய்யாவ என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்று நீ நம்பினால், ஏன் சொல்லவில்லை?

பாக்கியத்தின் அப்பாவிடம் எப்படிப் பேசினால் எடுபடும் என்று கேட்டாய். சொல்கிறேன். அவர் வேலையால் வந்து குளித்து முடிக்கும்வரை காத்திரு. வாசலில் நின்று பேசாதே, உள்ளே போ. அவர்கள் வீட்டுத் தண்ணீரை நீயாகக் கேட்டு வாங்கிக் குடி, இளநீர் கேட்காதே. அவர் உட்காரச் சொல்லமாட்டார், நீ வாத்தியார் என்று கூச்சப்படுவார். நீயாக உட்கார். உங்கள் மகள் கேட்டது நியாயம், அவளை அனுப்பியது பிழை, அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல். அவள் திரும்ப வருவாள், முறைப்படி எல்லாப் பிள்ளைகளும் கூட்டும்போது மட்டும் கூட்டுவாள் என்று சொல். இதைச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை என்பாய். அதிகாரம் இல்லைதான். அதனால் அதற்கு முன்பு நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் நீயே போய் வகுப்பைக் கூட்டு. பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். மறுநாள் வரிசையில் முதல் பெயர்க்காரனிடம் விளக்குமாற்றைக் கொடு, அவன் யார் மகனாக இருந்தாலும் சரி. பெரிய வாத்தியார் கூப்பிட்டுக் கேட்டால் நின்று பதில் சொல். உன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாயா? போகலாம். நான் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டே பரீட்சை எழுதியவள். வாத்தியார் வேலையின் அருமை எனக்குத் தெரியாதா? அப்படியும் சொல்கிறேன். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தித்தான் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்றால், அந்த வேலை நமக்கு வேண்டாம். வீட்டுக்கு வா. பட்டறையில் உன் அப்பாவோடு சக்கரம் கழுவு. அந்த வேலையில் யாரையும் நீ அவமானப்படுத்த வேண்டியிருக்காது.

உன் அப்பா, "கடுதாசி போட்டா மட்டும் போதுமா? நேர்ல போ" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீ வகுப்பைக் கூட்டத் தொடங்கும் அந்த வாரமே, சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. நீ இருக்கும் அறையைப் பார்க்க நான் வரவில்லை. முதலில் பாக்கியத்தின் வீட்டுக்குப் போவோம். பஜார் தெரு வழியாகவே போவோம், சுற்று வழி வேண்டாம். சனிக்கிழமை உன் பெரிய வாத்தியார் சந்தைக்கு வருவார் என்று எழுதியிருந்தாய், வழியில் எதிர்ப்படலாம். எதிர்ப்பட்டால் நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். நீதான் பேச வேண்டும். இவர் என் அம்மா, மஹய்யாவ லயத்தில் பிறந்தவர், என் தாத்தா கண்டித் தெருக்களைக் கூட்டியவர் என்று, நடு ரோட்டில், அவர் காதில் விழும்படி சொல். அதைச் சொல்லிவிட்டாய் என்றால், பாக்கியத்தைக் கூட்டச் சொல்ல அதற்குப் பிறகு உனக்கு வாய் வராது.

உன் அம்மா